உடைந்ததும் அந்தப் படகு. வென்றதும் அதே படகு!

2008 பிப்ரவரி 18. நியூசிலாந்தின் டனீடன் நகருக்கு அப்பால் நடுக்கடல். உலகைச் சுற்றிச் சாதனை படைக்க விரைந்து கொண்டிருந்த "குரூப்பாமா 3" என்ற பிரெஞ்சுப் பாய்மரப் படகின் இடப்பக்க மிதவை முறிந்தது. படகு தலைகீழ்! பத்துப் பேர் கவிழ்ந்த படகிலேயே காத்திருந்தனர். ஹெலிகாப்டர்கள் வந்து அத்தனை பேரையும் மீட்டன.

பெயரில் மட்டும் மரம்

இவ்வகைப் படகுக்கு "டிரைமரன்" என்று பெயர். நம் மீனவர்களின் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் "காட்டமரன்" ஆயிற்று. அதன் தலையை வெட்டி, மூன்று என்று பொருள்படும் "டிரை"யை ஒட்டிக் கொண்டார்கள். உறவு பெயரோடு சரி. இந்தப் படகைக் கட்ட மரமே தேவைப்படவில்லை!

நடுவில் நீண்ட உடல். இரு பக்கமும் ஒவ்வொரு மிதவை. மூன்றையும் இணைக்கக் குறுக்குக் கைகள். குரூப்பாமாவின் நீளம் 103 அடி; அகலம் 74 அடி. எடையோ சுமார் 18 டன்தான். சரக்கேற்றிய ஒரு லாரியின் எடை!

சாதாரணப் பந்தயப் படகு கவிழாமலிருக்க அடியில் ஈயத்தைச் சுமக்கிறது. டிரைமரன் தன் அகலத்தையே நம்புகிறது. உடலும் கனமில்லை. தேன்கூடு போன்ற கண்ணறைகள் உள்ள தகட்டின் இருபுறமும், பிசினில் தோய்த்த கார்பன் நாரை ஒட்டி, அடுப்பில் சூடேற்றி இறுக வைக்கிறார்கள்.

வினையும் இங்கேதான். ஒற்றை உடல் படகு பலத்த காற்றில் சாய்ந்து கொடுக்கும். அகலமான டிரைமரன் எளிதில் சாயாது. காற்றின் விசை முழுவதும் குறுக்குக் கைகளிலும் மிதவைகளிலும் போய் இறங்கும். போதாக்குறைக்கு அலையின் அறை வேறு. இரும்பென்றால் வளைந்து காட்டும்; பட்டறையில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். கார்பன் நார் அப்படி எச்சரிப்பதில்லை, படீரென்று உடையும். உள்ளே தேன்கூடு பிரிந்திருந்தாலும் வெளியே பளபளப்புக் குறையாது.

பிரான்சின் சென் மாலோவிலிருந்து மேற்கிந்தியத் தீவான குவாடலூப் வரை, ஒருவரே படகோட்டிச் செல்லும் "ரூட் டு ரம்" பந்தயம் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. 2002-ல் அதில் 60 அடி டிரைமரன்கள் 18 புறப்பட்டன. கரை சேர்ந்தவை மூன்றே!

இரண்டு முறை பழுது

கவிழ்ந்த குரூப்பாமாவை இழுத்து வந்து, பழுது பார்த்து, வலுவூட்டினார்கள். 2009 நவம்பரில் மறுபடி புறப்பட்டது. மிதவையும் குறுக்குக் கையும் சேரும் இடத்தில் சேதம்! கேப் டவுனில் கரையேற வேண்டியதாயிற்று. மறுபடி பழுது, மறுபடி பயணம். 2010 மார்ச்சில் 48 நாட்களில் உலகைச் சுற்றி, அதுவரையிருந்த சாதனையை முறியடித்தது.

அதே ஆண்டு பாய்மரத்தைக் குட்டையாக்கி, கேப்டன் ஃபிராங்க் காமாஸ் தன்னந்தனியே ஓட்டி "ரூட் டு ரம்" வென்றார். 2014-ல் வேறு பெயரில், லோயிக் பெய்ரோன் கையில், மீண்டும் வெற்றி.

ஏழு நிமிடம்

2018-ல் படகுக்கு வயது 12. பெயர் "ஐடெக் ஸ்போர்ட்". ஓட்டியவர் 62 வயது ஃபிரான்சிஸ் ஜுவாயோன். எதிரே, இறக்கை கட்டி நீருக்கு மேலே எழும்பும் புதிய படகுகள். அவற்றில் ஒன்று கவிழ்ந்தது. ஒன்றின் மிதவை மூக்கு ஒடிந்தது. பிரான்சுவா கபாரின் "மாசிஃப்" மட்டும் ஓர் இறக்கையையும் ஒரு சுக்கானையும் இழந்த நிலையிலும் முன்னே ஓடியது.

குவாடலூப் தீவைச் சுற்றும்போது இரவு. காற்று ஓய்ந்தது. ஜுவாயோன் நெருங்கினார், எல்லைக்கோட்டருகே முந்தினார். ஏழு நாள், 14 மணி நேர ஓட்டத்தில் இருவருக்கும் இடைவெளி 7 நிமிடம் 8 விநாடி!