மலைக்குப் போனால் புகை விடுமா?

கோல சிலாங்கூர்க்காரர்களுக்கு 2005 ஆகஸ்ட் மறக்காது. 11ஆம் தேதி, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், கிள்ளான் துறைமுகத்திலும் இங்கேயும் அவசரநிலை அறிவித்தார்கள். 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்பதுதான் அதன் கணக்கு.

புகைமூட்டம் வரும்போதெல்லாம் ஒரு பேச்சும் கூடவே வரும்: "கெந்திங் பக்கம் போயிட்டா நல்ல காத்து." புகை தரையில் கிடக்கிறது, மலை அதற்கு மேலே நிற்கிறது என்ற எண்ணம்தான் காரணம். அது சரியா என்று பார்ப்போம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ரா. அங்கே இலையும் மரமும் முழுசாய் மட்காமல் பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்த கரிச்சதுப்பு மண் இருக்கிறது. நம் ராஜா மூசா காட்டிலும் இதே மண்தான். வடிகால் வெட்டிக் காயவிட்ட பிறகு தீப்பிடித்தால், சுவாலையே இல்லாமல் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்று புகையும். அந்தப் புகையைத்தான் தென்மேற்குக் காற்று இங்கே கொண்டுவருகிறது.

அந்தப் புகைத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறைவிடச் சிறியவை. அசையாத காற்றில்கூட நாளுக்கு அதிகம் போனால் சில மீட்டர்தான் இறங்கும். ஆகவே அவை தரையில் 'கிடப்பதில்லை'. காற்று போகும் இடமெல்லாம் போகும்.

காற்று எங்கே போகிறது? பகலில் வெயிலில் தரை சூடேற, காற்று ஒரு கிலோமீட்டருக்கு மேலும் எழும்பிக் கலக்கும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கே நகர்ந்து தித்திவங்சா மலைத்தொடரில் முட்டும். வெயில் பட்ட சரிவுகளும் காற்றை மேலே இழுக்கும். கெந்திங்கின் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். புகைமூட்டம் கடுமையான நாட்களில் அந்த உயரமும் போதாது. மலை தடுப்புச்சுவராக நிற்பதால் புகை இந்தப் பக்கமே தேங்குவதும் உண்டு.

இரவில் தரை குளிரும். குளிர்ந்த காற்று கீழே தங்க, அதன்மேல் வெப்பமான காற்று கவியும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சாம்பிராணிப் புகை கூரையைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவுமே, அப்படிப் புகை அந்த வெப்ப அடுக்குக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். அடர்ந்த புகை மறுநாள் வெயிலையும் மறைப்பதால், அந்த வெப்பக் கூரை சீக்கிரம் கலைவதில்லை.

பொதுவாக அந்தக் கூரை மிகத் தாழ்ந்திருப்பது விடியற்காலையில். தோட்டத்தில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு, நடக்கும் நேரமும் அதுதான். செம்பனைக் குலை வெட்டுகிறவர் மூச்சு வாங்க வாங்க உழைக்கிறார். அவர் முகத்தில் கட்டிய துண்டு இந்தத் துகள்களை நிறுத்தாது. என்95 முகக்கவசமும், புகை கடுமையான காலைகளில் வேலையைத் தள்ளிவைக்கும் அனுமதியும் அவருக்குத்தான் முதலில் கிடைக்க வேண்டும்.