உர்ர்ர்... என்றால் என்ன அர்த்தம்?

குழந்தைகளே, உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? வீட்டில் இல்லாவிட்டாலும் தெருவில் கட்டாயம் இருக்கும். 'செருப்பைக் கடித்துக் குதறுகிறது, தபால்காரரைக் கண்டால் குரைக்கிறது, சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது' என்று அதன் மேல் புகார்ப் பட்டியலே வைத்திருப்பீர்கள். நாய்க்குப் பேச வராது. அதனால்தான் பல்லாலும் குரலாலும் வாலாலும் தன் கதையைச் சொல்கிறது. அது என்ன கதை என்று பார்ப்போமா?

முதலில் செருப்பு. குட்டி நாய்க்கு 28 பால் பற்கள் உண்டு. நான்காவது மாதம் அளவில் அவை விழ ஆரம்பித்து, மெல்ல மெல்ல 42 புதுப் பற்கள் முளைக்கும். உங்களுக்குப் பல் முளைத்தபோது ஈறு குறுகுறுவென்று இருந்ததல்லவா? அதற்கும் அப்படித்தான். எதையாவது கடித்தால் சுகமாக இருக்கும். பழைய துணியைக் கயிறு போல முறுக்கி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். பழைய செருப்பை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்! எது பழசு, எது அப்பா நேற்று வாங்கிய புதுசு என்று அதற்கு எப்படித் தெரியும்?

காலையில் கடித்த செருப்புக்காக, மாலையில் பள்ளி விட்டு வந்து அடிப்பதும் வீண். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் (1904-ல் நோபல் பரிசு பெற்றவர்) நாய்களுக்குச் சாப்பாடு கொடுப்பதற்குச் சற்று முன்பு ஓர் ஒலியை எழுப்பிப் பழக்கினார். பழகிய பிறகு, சாப்பாடே வராமல் ஒலியை மட்டும் கேட்டாலும் நாய்க்கு எச்சில் ஊறியது. அடுத்தடுத்து நடக்கும் இரண்டைத்தான் நாய் முடிச்சுப் போடுகிறது. ஆகவே மாலையில் விழும் அடிக்கும் காலைச் செருப்புக்கும் சம்பந்தம் இருப்பது அதற்குப் புரியாது. 'இவன் வீட்டுக்கு வந்தால் அடி விழும்' என்று மட்டும் புரியும். நீங்கள் திட்டும்போது அது தலையைக் குனிந்து நிற்பது வெட்கத்தால் அல்ல, பயத்தால்.

தபால்காரர் விஷயமும் இதே முடிச்சுதான். நாய் குரைக்கிறது, அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். 'நான் குரைத்தேன், ஆள் ஓடிவிட்டான்!' என்று நாய்க்கு ஒரே பெருமை. மறுநாள் இன்னும் சத்தமாகக் குரைக்கும். அவர் வரும் நேரத்துக்கு முன்பே அதை உள்ளே அழைத்து உட்கார வைத்து, அமைதியாக இருக்கும்போது ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்துப் பழக்கினால் நாளடைவில் குறையும். ஆனால் நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு இதெல்லாம் பலிக்காது. ஓடி வேட்டையாடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களைக் கேட் ஓரமாகக் கட்டிப் போட்டுவிட்டு, 'ஏன் ஊளையிடுகிறது?' என்று கேட்டால் என்ன சொல்வது!

இனி உறுமல். இதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாய் உறுமினால் பெரியவர்கள் சிலர் உடனே கம்பை எடுக்கிறார்கள். ரயில்வே கேட்டில் மணி அடிக்கிறது. 'சத்தம் தாங்கவில்லை' என்று மணியைக் கழற்றி வைத்துவிட்டால் ரயில் வராமல் இருக்குமா? வரும், சொல்லாமல் வரும். உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாயும் அப்படித்தான். பயமோ கோபமோ போகாது. உறுமினால் அடி விழும் என்று மட்டும் கற்றுக்கொள்ளும். பிறகு ஒருநாள் சத்தமே இல்லாமல் கடித்துவிடும்.

உறுமலுக்கு முன்பே நாய் பல தடவை சொல்லிப் பார்க்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாப்பாடு இல்லாதபோதும் நாக்கால் உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். உடம்பு விறைத்துப் போகும். வால் ஆடுகிறதே, சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். உடம்பு விறைப்பாக இருக்க, வால் மட்டும் உயரத் தூக்கியபடி ஆடினால் அது நட்பு இல்லை. நாம் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சும்போது பல நாய்கள் இந்த அடையாளங்களைக் காட்டுவதுண்டு. நமக்கு அது அன்பு, அதற்கு அது பிடியில் மாட்டிக்கொண்ட மாதிரி.

நாய் உறுமினால் செய்கிற வேலையை அப்படியே நிறுத்துங்கள். கண்ணை உற்றுப் பார்க்காமல் மெதுவாகப் பின்னால் நகருங்கள். ஓடாதீர்கள். பிறகு பெரியவர்களிடம் சொல்லுங்கள். சாப்பிடும் தட்டிலும், தூங்கும் நாய் மேலும், குட்டி போட்ட நாயின் பக்கத்திலும் கை வைக்கவே கூடாது. தட்டைக் காவல் காக்கும் நாயைப் பழக்க, தூரத்திலிருந்தே முட்டைத் துண்டு போன்ற பிடித்த பண்டத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆள் வந்தால் சாப்பாடு போகாது, கூடவே கிடைக்கும் என்று அதற்குப் புரிய வேண்டும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை, உங்களுடையது அல்ல. இத்தனை நாள் சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமினால் காது வலியோ பல் வலியோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

தெருநாய் துரத்தினால்? ஓடினால் இன்னும் துரத்தும். கைகளைக் கட்டிக்கொண்டு மரம் போல நில்லுங்கள். சைக்கிளில் போனால் நிறுத்தி இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்துவிட்டால் பந்து போலச் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பல் பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்பே தடுப்பூசி போட்டால் தடுத்துவிடலாம். 1885-ல் பிரான்ஸில் லூயி பாஸ்டர் தன் தடுப்பூசியால் காப்பாற்றிய ஜோசப் மைஸ்டருக்கு வயது ஒன்பது, உங்களைப் போன்ற சிறுவன்தான். உங்கள் தாத்தா காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். இப்போது கையில் நான்கைந்து தடவைதான், அரசு மருத்துவமனைகளில் இலவசம். டாக்டர் சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூட விடக்கூடாது.

திட்டு விழும் என்று பயந்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக் கடியை மறைக்கும் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருப்பார்கள். கடித்தது வீட்டு நாயாக இருந்தால், அதைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவார்களோ என்று இன்னொரு பயம். அப்படி விடக் கூடாது என்றுதான் டாக்டரே சொல்வார். நாயைப் பத்து நாள் வீட்டிலேயே வைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் அது நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடித் திரிந்தால், கடித்தபோது அதற்கு ரேபிஸ் இல்லை என்று தெரிந்துவிடும். ஊசியை மட்டும் அந்தப் பத்து நாளுக்காகக் காத்திருக்காமல் கடித்த அன்றே தொடங்கிவிட வேண்டும்.