தீப்பொறி வராத கார் எஞ்சின்: பழுதறியும் முறை

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்று–பெட்ரோல் கலவையை எரியவைப்பது ஸ்பார்க் பிளக்கில் தோன்றும் மின்பொறி ஆகும். இப்பொறி வராவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றினாலும் வண்டி கிளம்பாது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய பெட்ரோல் கார்களில் உள்ள பாயிண்ட் வகை இக்னிஷன் அமைப்பில் இப்பழுதைப் படிப்படியாகக் கண்டறியலாம்.

பொறி உருவாகும் விதம்

இவ்வமைப்பை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். 1910ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இது இடம்பெற்றது. இதில் இரண்டு மின்சுற்றுகள் உள்ளன.

முதல் சுற்றில், 12 வோல்ட் மின்சாரம் பேட்டரியிலிருந்து சாவி வழியாக இக்னிஷன் காயிலுக்குச் செல்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் மூடியிருக்கும்போது எஞ்சின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. பாயிண்ட் திறந்தவுடன் இவ்வோட்டம் அறுபட்டு, காயிலின் காந்தப்புலம் சட்டென மறைகிறது. அப்போது இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அது ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர் ஆகியவற்றின் வழியே பிளக்கை அடைகிறது.

இரண்டு சுற்றுகளும் சந்திக்கும் இடம் காயில். எனவே சோதனையை அங்கிருந்து தொடங்கினால் பழுது எந்தப் பாதியில் உள்ளது என்பது முதலிலேயே தெரிந்துவிடும். பிளக், காயில், கண்டன்சர் என ஒவ்வொன்றாக வாங்கி மாற்றும் வீண்செலவும் இராது.

முன்னெச்சரிக்கை

கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பெட்ரோல் கசிவு இருந்தால் பொறிச் சோதனை செய்யக்கூடாது. காயிலின் வயரை வெறும் கையால் பிடித்தால் கடும் மின்னதிர்ச்சி ஏற்படும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இச்சோதனையைச் செய்யவே கூடாது.

காயிலில் பொறி உள்ளதா?

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் உள்ள வயரைக் கழற்றி, உறையிட்ட குறடால் பிடித்து, அதன் முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். கார்புரேட்டருக்கு அருகில் வைக்கலாகாது. மற்றொருவர் ஸ்டார்ட்டரை இயக்கும்போது நீலப் பொறி பாய்ந்தால் முதல் சுற்றும் காயிலும் நல்ல நிலையில் உள்ளன.

பொறி இருந்தால்

பழுது காயிலுக்கு அப்பால் உள்ளது. மூடிக்குள் ஈரம், விரிசல், கறுத்த கோடு ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் பெரும்பாலும் ஈரமே காரணம்; உலர்ந்த துணியால் துடைத்தாலே சரியாகிவிடும். மூடியின் நடுவில் உள்ள கார்பன், ரோட்டார், வயர்கள், பிளக்குகள் ஆகியவற்றை அடுத்து ஆராய வேண்டும்.

பொறி இல்லையென்றால்

முதலில் மூடியைத் திறந்து, ஸ்டார்ட்டரை இயக்கும்போது ரோட்டார் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழலாவிட்டால் பழுது மின்சாரத்தில் அல்ல. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் இயந்திரப் பகுதியில் உள்ளது.

சுழன்றால், சாவியை ஆன் செய்து மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனை எஞ்சின் உடலுடன் இணைந்த வண்டிகளில் அளவுகள் வருமாறு:

* காயிலின் நேர்முனையில் மின்னழுத்தமே இல்லை: சாவி, வயர், இணைப்பு ஆகியவற்றில் பழுது.
* எதிர்முனையில், பாயிண்ட் மூடியபோது கிட்டத்தட்ட 0 வோல்ட், திறந்தபோது 12 வோல்ட்: முதல் சுற்று சரி. காயிலையும் கண்டன்சரையும் ஐயுற வேண்டும்.
* எதிர்முனையில் எப்போதும் 12 வோல்ட்: பாயிண்டில் கரி அல்லது எண்ணெய் படிந்துள்ளது, அல்லது அது மூடவே இல்லை. இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்கள் பலவற்றில் அது சுமார் 0.4 மி.மீ.
* எதிர்முனையில் எப்போதும் 0 வோல்ட்: டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் வயரைக் காயிலிலிருந்து கழற்றி மீண்டும் அளக்க வேண்டும். 12 வோல்ட் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் வயரோ கண்டன்சரோ ஷார்ட் ஆகியுள்ளது. வராவிட்டால் காயிலின் முதன்மைச் சுருள் அறுந்துள்ளது.

புதிய கார்களில்

எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள கார்களில் பாயிண்டின் வேலையைச் சென்சாரும் கட்டுப்பாட்டுக் கருவியும் செய்கின்றன. அவற்றில் வயரைக் கழற்றிப் பொறி பார்த்தால் கருவி பழுதாகக்கூடும். அதற்கென உள்ள ஸ்பார்க் டெஸ்டரையும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரையும் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.