போனில் ஜொலிக்கும் போட்டோ பிரின்ட்டில் மங்குவது ஏன்?

தாத்தாவின் சதாபிஷேகம் அன்று, விளக்கொளியில் அவரும் பாட்டியும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஐபோனில் கிளிக் செய்தேன். திரையில் குத்துவிளக்குச் சுடர் தகதகவென்று ஒளிர்ந்தது. பாட்டியின் புடவைச் சரிகைகூட மின்னியது. ஃபிரேம் போடலாம் என்று ஸ்டூடியோவுக்குப் போனால், “இந்த ஃபைல் ஓப்பன் ஆகலை சார், ஜேபெக்கா மாத்திக் கொண்டாங்க” என்றார்கள். இணையத்தில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு தளத்தில் மாற்றிக் கொடுத்தேன். பிரின்ட்டில் சுடர் வெறும் வெள்ளைத் திட்டு. தாத்தாவின் முகமோ கறுத்துக் கிடந்தது.

தவறு யாருடையது? அதைப் புரிந்துகொள்ள, போன் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒளியைச் சுருக்கும் வேலை

ஹெச்.டி.ஆர் முறையில் போன் ஒரே நொடியில் பல படங்களை எடுக்கிறது. ஒன்றில் சுடர் தெளிவாக இருக்கும், இன்னொன்றில் நிழலில் இருக்கும் முகம் தெளிவாக இருக்கும். இரண்டையும் இணைத்து ஒரு படமாக்குகிறது. கூடவே, ‘இந்த இடம் இன்னும் பிரகாசமாக ஒளிர வேண்டும்’ என்ற குறிப்பையும் பல போன்கள் ஃபைலுக்குள் வைக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்த திரையில்தான் படம் ஜொலிக்கும்.

ஜேபெக் 1992-ல் வந்த தரநிலை. வழக்கமான ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். அதற்குள் ஒளியை அடக்கும்போது எதையாவது சுருக்கித்தான் ஆக வேண்டும். பக்குவமாகச் சுருக்கினால் படம் இயல்பாக இருக்கும். கண்மூடித்தனமாக வெட்டினால் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

2023-ல் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த ‘அல்ட்ரா ஹெச்.டி.ஆர்’, ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே அந்தக் குறிப்பைச் சேர்த்துவிடுகிறது. பழைய போனில் சாதாரணப் படமாகத் திறக்கும். புதிய திரையில் ஜொலிக்கும்.

எப்படி மாற்றுவது?

* ஐபோனில் படத்தை ‘ஃபைல்ஸ்’ ஆப்பில் சேமித்து, அதன்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ‘குயிக் ஆக்‌ஷன்ஸ்’, ‘கன்வெர்ட் இமேஜ்’ என்று போனால் ஜேபெக் வரும்.

* இனி எடுக்கும் படங்கள் எல்லாமே ஜேபெக்காக வேண்டுமா? செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ தேர்ந்தெடுங்கள். ஆனால், படங்கள் கூடுதல் இடம் பிடிக்கும்.

* சாம்சங் போன்களில் கேமரா செட்டிங்ஸில் ‘ஹை எஃபிஷியன்ஸி பிக்சர்ஸ்’ ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள்.

* பிரின்ட் போடும் முன், ஒரிஜினலின் நகலை எடிட் செய்து, ‘ஹைலைட்ஸ்’ கொஞ்சம் குறைத்து ‘ஷேடோஸ்’ கொஞ்சம் கூட்டுங்கள். பிறகு ஜேபெக்காக மாற்றுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் ‘ஜேபிஜி’ என்று திருத்தினால் படம் மாறாது; பெயர்ப்பலகைதான் மாறும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் பிள்ளைகள் பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆதார் அட்டை, குழந்தைகளின் படங்களை முன்பின் தெரியாத தளங்களில் ஏற்றாதீர்கள். போனிலேயே முடிகிற வேலைக்கு அந்த ஆபத்து எதற்கு?

முக்கியமாக, மாற்றி முடித்ததும் ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். ஜேபெக்கில் ஒருமுறை தொலைந்த ஒளியை எந்த ஆப்பாலும் அப்படியே மீட்க முடியாது.

நல்லவேளையாக நான் அழிக்கவில்லை. போனில் இருந்த ஒரிஜினலை எடுத்து, ஒளியைச் சரிசெய்து, மறுபடியும் பிரின்ட் போட்டேன். இன்று தாத்தா இல்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் சுடரும் தெரிகிறது, அவர் சிரிப்பும் தெரிகிறது.