வீட்டிலே கிடைக்கும் முதல் பரிசு

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி ஆண்டு விழாவன்று ஆண்டறிக்கை வாசிக்கப்படும். அரசுப் பொதுத் தேர்வில் முதலிடம் பெற்றவர்கள், பேச்சுப் போட்டியிலும் கட்டுரைப் போட்டியிலும் பரிசு கொணர்ந்தவர்கள், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பணியாற்றியவர்கள், சாரணியர் பேரணிக்குச் சென்றவர்கள், விளையாட்டில் கோப்பை வென்றவர்கள் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கும். நாமும் கை வலிக்கத் தட்டுவோம். பெற்றோர் முகத்திலே பெருமிதம் பொங்கும்.

ஆனால் எந்த ஆண்டறிக்கையிலும் வாசிக்கப்படாத பட்டியல் ஒன்று உண்டு. ஆடத் தெரிந்தும் ஆட வராமற்போனவர்களின் பட்டியல் அது. எங்களோடு எட்டாம் வகுப்பில் பந்து விளையாடிய தோழி ஒருத்தி இருந்தாள். எங்களுள் எவரையும் விட வேகமாக ஓடுவாள். பத்தாம் வகுப்பு தொடங்கியதும், "ஓடியது போதும், இனிப் படிப்பைப் பார்" என்று வீட்டிலே சொல்லிவிட்டார்கள். அதன்பின் மாலை மணி அடித்ததும் அவள் மைதானத்தை ஒட்டிய பெரிய வாயில் வழியாகப் போவதில்லை. பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். எங்களைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான்.

அவளைப் போன்றவர்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம். மேடையிலே பெறும் பரிசு இரண்டாவது பரிசுதான். "சரி, போய் வா" என்று வீட்டிலே சொல்லும் சொல்லே ஒரு மாணவிக்குக் கிடைக்கும் முதல் பரிசு.

ஏணியும் அதன் படிகளும்

பள்ளி விளையாட்டு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பெற்றோரில் பலர் அறிய வாய்ப்பில்லை. ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் மாநிலத்தில் பள்ளிக் கல்வித் துறை குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளையும் பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளையும் நடத்துகிறது. 14 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர், 19 வயதுக்கு உட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. குறுவட்ட அளவில் வென்றவர் மாவட்டத்திற்கும், மாவட்டத்தில் வென்றவர் மாநிலத்திற்கும் செல்வர். அங்கே சிறந்து விளங்குவோர் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளுக்குத் தேர்வு பெறலாம். பாரதியார் 1918 நவம்பரில் கைதாகிக் கடலூர்ச் சிறையில் இருந்தார் என்பது நாம் அறிந்ததே. அவர் பெயரால் நடக்கும் போட்டியிலே கடலூர்ப் பெண்கள் ஓடுவது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏணியின் மேற்படிகள் 17 வயதிலும் 19 வயதிலும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அதே வயதில்தான் வருகின்றன. "பெரிய பெண்ணாகிவிட்டாள்" என்ற பேச்சும் அவ்வயதையொட்டியே எழுகிறது. வயது ஏற ஏற வாய்ப்பு மேலே போகிறது. அனுமதியோ கீழே வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று கடந்து செல்லும் இடத்திலேதான் எங்கள் தோழி நின்றுபோனாள்.

இது நம் ஊர்க்கதை மட்டுமன்று. 146 நாடுகளின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து, உலகச் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களில் போதிய உடலுழைப்பு இல்லாதோர் 78 விழுக்காடு; மாணவிகளிலோ 85 விழுக்காடு.

கடலூர் காட்டிய வழி

அனுமதி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. நம் கடலூரே சான்று.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம் முதலிய மீனவர் ஊர்கள் பட்ட துயரத்தை நம் பெற்றோர் கண்ணால் கண்டவர்கள். அந்தத் துயரத்திற்குப் பிந்திய ஆண்டுகளிலே, இல்லங்களிலும் விடுதிகளிலும் தங்கிப் படித்த பெண் பிள்ளைகள் பலர் கடலூரில் கால்பந்து பழகினார்கள். அவர்களுக்குப் பயிற்சியளித்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பயிற்சியாளர் மாரியப்பன். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்ற அவர்களுடைய அணி, 2017–18-ஆம் ஆண்டு இந்திய மகளிர் லீக் போட்டியின் இறுதிச் சுற்றுவரை சென்று, நாட்டின் முன்னணி அணிகளோடு மோதியது.

கடலூரிலே 1994-இல் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரரானார். 2019-இல் நேபாள நாட்டின் விராட்நகரில் நடந்த தெற்காசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் இந்தியா கோப்பையை வென்றபோது, அத்தொடரிலே அவர் 4 கோல்கள் அடித்தார். கடலூரில் விடுதியில் தங்கிப் படித்த சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்காக ஆடியவர். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியிலே, பலமுறை வென்ற மணிப்பூரைத் தமிழ்நாடு 2–1 என்று வென்று, முதன்முறையாகப் பட்டம் பெற்றது. மணிப்பூரைத் தமிழ்ப் பெண்கள் வெல்வதா என்று வியந்தவர்கள் உண்டு. பந்துக்கு ஊர் தெரியாது. உழைத்த கால்களைத்தான் தெரியும்.

இவர்களுக்குக் கிடைத்தவை எவை? சற்றே சமமான தரை, ஒரு பந்து, நாள்தோறும் தவறாது வரும் பயிற்சியாளர், "போ" என்று சொல்ல ஒருவர். இவ்வளவே. வீட்டிலிருந்து அந்தச் சொல்லைப் பெற முடியாத பிள்ளைக்கு, விடுதியிலே யாரோ ஒருவர் அதைச் சொல்லியிருக்கிறார். தாயும் தந்தையும் அருகிலே உள்ள நமக்கு அது கிடைக்காமற் போகலாமா?

பெற்றோரின் அச்சங்கள்

பெற்றோர் நம்மேல் கொண்ட அன்பினாலேதான் தடுக்கிறார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே அவர்கள் அஞ்சுவனவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, படிப்புக் கெடும் என்ற அச்சம். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு நாளின் 24 மணியில் ஒரு மணி அது. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் நாம் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டால், அந்த ஒரு மணி எங்கே இருக்கிறது என்பது தானே விளங்கும். இதிலே எங்கள் பொறுப்பும் உண்டு. விளையாடிவிட்டு வந்து, "களைப்பாக இருக்கிறது" என்று பாடத்தை ஒதுக்கிவைத்தால், அடுத்த ஆண்டு மறுப்பதற்கு நாமே காரணம் தந்தவர்களாவோம்.

இரண்டாவது, உடல் தாங்காது என்ற அச்சம். மயக்கமும் மூச்சிரைப்பும் வருவதற்கு விளையாட்டைக் குறை சொல்வதற்கு முன் இரத்தச் சோகை உண்டா என்று பார்க்க வேண்டும். 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருந்தது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, மீன், முட்டை ஆகியவற்றை உணவிலே சேர்க்கலாம். நெல்லிக்காயும் எலுமிச்சையும் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும்; உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கும். பள்ளியிலே தரும் இரும்புச் சத்து மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறியும் தோழியர் இனி அதை விழுங்குவார்களாக! மாதந்தோறும் வரும் நாட்களிலும் நலமாக உள்ள பெண் விளையாடலாம். வலி மிகுந்தால் ஓய்வெடுக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவள் அவளே.

மூன்றாவது, இதனால் எதிர்காலத்தில் என்ன பயன் என்ற கேள்வி. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டுப் பிரிவுக்கெனத் தனி இடங்கள் உண்டு. தகுதி பெற்ற விளையாட்டு வீரர்க்குத் தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பிலே 3 விழுக்காடு ஒதுக்கியுள்ளது. சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியையே ஒரு துறையாகப் படிக்கலாம். இந்துமதி தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளரானார். 2020-இல் ஊரடங்கு நிலவியபோது, பந்தை ஓரமாக வைத்துவிட்டுச் சென்னைச் சாலையிலே காக்கிச் சீருடையுடன் நின்று கடமையாற்றினார். வேலை கிட்டாமற்போனாலும், தோற்ற மறுநாளும் பயிற்சிக்கு வரும் பழக்கம் வீண்போகாது.

ஊர் என்ன சொல்லும்?

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது நான்காவது அச்சம். "ஊர் என்ன சொல்லும்?" என்பதே அது. இதற்கு எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு. ஊர் சொல்வது மாறும்.

கால்பந்தின் தாயகமெனப்படும் இங்கிலாந்திலே 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், இவ்விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று என்று சொல்லித் தன் உறுப்பு மைதானங்களிலே அவர்கள் ஆடுவதைத் தடுத்துவிட்டது. அத்தடை நீங்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. 1991-இல் மகளிர்க்கென உலகக் கோப்பையே தொடங்கியது. தடுத்த ஊரே இன்று மகளிர் அணிக்காக மைதானத்தை நிரப்புகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத்தில் சிதம்பரம். அங்கே கோயிற்கோபுர வாயில்களிலே 108 கரணங்களையும் பெண்கள் ஆடும் கோலத்தில் கல்லிலே செதுக்கியிருக்கிறார்கள். கல்லுக்கு இருந்த அனுமதி வீட்டுப் பெண்ணுக்கு இல்லை. நாட்டியத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பத்துப் பெண்கள் இழிவுக்கு ஆளானார்கள், மற்ற வீடுகளிலோ, "நம் வீட்டுப் பெண் ஆடுவதா?" என்றார்கள். 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறியபோது அது பெரும் புதுமையாயிருந்தது. பின்னர் 1981-இல் சிதம்பரத்திலே நாட்டியாஞ்சலி விழா தொடங்கியது. இன்று மகளின் அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுக்கிறோம். முன்வரிசையிலே அமர்ந்து கண்கலங்குகிறோம். பாட்டிக்கு மறுக்கப்பட்டது பேத்திக்குப் பெருமையாயிற்று. நாட்டியத்திற்கு நேர்ந்த மாற்றம் பந்துக்கும் நேரும். ஆனால் நமக்குப் பதினைந்து வயது ஒரு முறைதான் வரும்; நம் பேத்தி வரும்வரை காத்திருக்க முடியாதே!

ஊர்ப் பேச்சை மீறிய தாய் ஒருவரும் நம் கடலூரிலே வாழ்ந்தார். முதுநகரில் 1890-இல் பிறந்த அஞ்சலையம்மாள், 1927-இல் சென்னையிலே நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்துக்கு ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்துச் சென்றார். தாயும் மகளும் தண்டனை பெற்றனர். அச்சிறுமியைக் காந்தியடிகள் லீலாவதி என்று பெயரிட்டு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். அன்று ஒரு தாய் தன் மகளைச் சிறைவாயில்வரை அழைத்துச் சென்றார். இன்று நாங்கள் கேட்பது விளையாட்டு மைதானத்தின் வாயில்வரை மட்டுமே.

மூவருக்கும் ஒரு வேண்டுகோள்

பெற்றோரே, மகளை நிறுத்துவதற்கு முன் ஒரு மாலைப் பொழுது வந்து அவள் ஆடுவதைப் பாருங்கள். ஐயம் இருந்தால் உடற்பயிற்சி ஆசிரியையிடம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு முடியும், வெளியூர் சென்றால் உடன் வருபவர் யார், எங்கே தங்குவார்கள் என்று. கேட்பது உங்கள் உரிமை.

அருட்சகோதரியரே, ஆசிரியைகளே, தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்க வேண்டாமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கடன் திரும்பி வந்ததாக எங்களுக்கு நினைவில்லை.

தோழியரே, கிடைத்த அனுமதியைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. சொன்ன நேரத்தில் வீடு திரும்புவோம், பாடத்தை முடிப்போம், ஆட வராமற்போன தோழியைக் கண்டால் முகம் திருப்பாமல் பேசுவோம்.

தொடக்கத்திலே சொன்ன தோழியின் தங்கை இவ்வாண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அக்காளின் விளையாட்டுக் காலணியை, முன்பக்கம் பழந்துணியை அடைத்து, அணிந்துகொண்டு வருகிறாள். அக்காளைப் போலவே ஓடுகிறாள். குறுவட்டப் போட்டிக்கான அணியிலே அவள் பெயரை எழுதியிருக்கிறோம். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தை அவள் கையிலே கொடுத்தனுப்பியுள்ளோம். கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம்.