பழைய ஏ.டி.வி. வண்டியில் தீப்பொறியும் மின்னேற்றமும்

மணலிலும் சேற்றிலும் செல்லவல்ல ஏ.டி.வி. எனப்படும் நாற்சக்கர வண்டி, அகன்ற டயர்களும், மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதைப் போன்ற இருக்கையும் கைப்பிடியும் உடையது. இவ்வண்டி பழையதாகும்போது அடிக்கடி தோன்றும் மின்கோளாறுகள் இரண்டு: தீப்பொறி எழாமல் எஞ்சின் கிளம்பாமை ஒன்று, பாட்டரி மின்னேற்றம் பெறாமை மற்றொன்று. ஊரினின்று பல கிலோமீட்டர் அப்பால் பணிபுரிவோருக்கு இது வெறும் செலவுக் கணக்கு அன்று. திரும்பும் வழியே அடைபட்டுப் போகும். அவ்வாறிருந்தும், பழுது எதுவென அறியாமலே விலையுயர்ந்த உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் பரவலாக உள்ளது.

இவ்விரு வேலைகளுக்கும் மூலம் ஒன்றே. எஞ்சினின் கிராங்க் தண்டின் முனையிலுள்ள சக்கரத்தில் நிலைக்காந்தங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அச்சக்கரம் சுழலும்போது, அருகே அசையாது நிற்கும் ஸ்டேட்டர் என்னும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் எழுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. சுருள்களில் ஒரு பகுதி, ரெகுலேட்டர் வழியாகப் பாட்டரிக்கு மின்னேற்றம் தருகிறது. பழைய வண்டிகள் பலவற்றில் தீப்பொறிக்கென ஒரு தனிச் சுருளும் உண்டு. அதன் மின்சாரம் சி.டி.ஐ. பெட்டியிலுள்ள மின்தேக்கியில் நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் சேர்கிறது. பிக்கப் சுருள் உரிய கணத்தில் சைகை தந்ததும், சேர்ந்த மின்சாரம் முழுவதும் இக்னிஷன் காயிலில் பாய்கிறது. காயில் அவ்வழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்த, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் பொறி எழுகிறது.

ஆகவே, முதலில் அறியவேண்டியது, பொறிக்குப் பாட்டரி தேவையா என்பதே. தனிச் சுருள் உடைய வண்டியில் பாட்டரி முற்றும் இறங்கியிருப்பினும், கயிற்றை இழுத்தோ மிதித்தோ எஞ்சினைக் கிளப்பலாம். கயிற்றுக்குக் கிளம்பிப் பொத்தானுக்குக் கிளம்பாத அத்தகைய வண்டியில் பொறியின் குறையைத் தேடுவது வீண்வேலை. வேறொரு வகை வண்டியில் சி.டி.ஐ. பெட்டி பாட்டரியின் 12 வோல்ட்டையே பெற்று உயர்த்துகிறது. அங்கே பாட்டரி தளர்ந்தால் பொறியும் தளரும். வண்டி எவ்வகையினது என்பதை அதன் மின்கம்பி வரைபடம் காட்டும்.

எஞ்சினை நிறுத்தும் சுவிட்சும் இவ்விரு வகைகளில் நேர்மாறாக வேலை செய்கிறது. முதல் வகையில் அச்சுவிட்சு பொறிக்கான மின்சாரத்தை உலோகச் சட்டத்தில் இறக்கி எஞ்சினை நிறுத்துகிறது. எனவே, சுவிட்சினுள் நீரோ துருவோ புகுந்தால், எஞ்சினை ஓயாமல் நிறுத்திக்கொண்டே இருக்கும். அக்கம்பியைச் சோதனைக்காக மட்டும் கழற்றிப் பார்க்கையில் பொறி வந்துவிட்டால், குறை சுவிட்சுப் பக்கத்தில் உள்ளது. இரண்டாம் வகையில் சுவிட்சு பாட்டரியின் மின்வழியைத் துண்டிக்கிறது. அங்கே கம்பியைக் கழற்றினால் பொறி வாராது.

பொறியைச் சோதிக்கையில், கழற்றிய பிளக்கின் உலோக உடலை எஞ்சினில் அழுந்தத் தொடுவித்து வைத்தல் வேண்டும். பிளக் இருந்த துளையினின்று பெட்ரோல் ஆவி வெளிவரும். சோதனை அதற்கு அருகில் நடத்தலாகாது. பிளக் கம்பியை எதிலும் தொடாமல் தொங்கவிட்டு எஞ்சினைச் சுழற்றினால், காயிலும் சி.டி.ஐ. பெட்டியும் கெடக்கூடும்.

மின்னேற்றத்தைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். நன்கு மின்னேறிய 12 வோல்ட் ஈய அமிலப் பாட்டரி, ஓய்ந்த நிலையில் ஏறத்தாழ 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது அது பெரும்பாலும் 14 வோல்ட்டை ஒட்டி உயரவேண்டும். உயராவிடில் மின்னேற்றம் இல்லை. 15 வோல்ட்டைத் தாண்டினாலோ ரெகுலேட்டரை ஐயுறலாம். அந்நிலை நீடித்தால் பாட்டரி வெந்துபோகும். ஓடும் எஞ்சினில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் இங்கே தீங்கானது; ரெகுலேட்டரும் விளக்குகளும் எரிந்துபோகலாம்.

மின்னேற்றத்துக்கு மூன்று கம்பிகள் வெளிவரும் ஸ்டேட்டராயின், இணைப்பைக் கழற்றி, எஞ்சினை ஓட்டி, இரண்டிரண்டு கம்பிகளாக மாறுதிசை மின்னழுத்தத்தை அளக்கலாம். மூன்று அளவுகளும் ஏறத்தாழச் சமமாய் இருந்து, வேகத்தோடு ஒருசேர உயர்ந்தால் ஸ்டேட்டர் நலமாயுள்ளது. தூண்டல் விதியை விளக்கும் ஆசிரியருக்கு இதனினும் எளிய செய்முறை கிடைப்பது அரிது. ஓர் அளவு மட்டும் தாழ்ந்திருந்தால் சுருளில் பழுது உள்ளது.

இவையெல்லாம் சரியாயிருந்தும் மின்னேற்றம் வாராவிடில், கண்ணுக்குத் தெரியாத எதிரி துரு. பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினின் உலோகத்துக்கும் இடையே மீட்டரை வைத்து ஸ்டார்ட்டரை இயக்கினால், காட்டும் அளவு அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே இருத்தல் வேண்டும். மிகுந்தால், எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் செல்லும் கம்பியின் முனைகளைச் சுரண்டித் தூய்மை செய்து மீண்டும் இறுக்கினால் பெரும்பாலும் குறை தீரும். செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

சி.டி.ஐ. பெட்டியைத் திறந்து பார்க்க இயலாது. ஆதலால் ஐயமெல்லாம் அதன்மீதே சாய்கிறது. சுருள்கள், காயில், சுவிட்சு, இணைப்புகள் ஆகியவை அனைத்தும் நலமென உறுதியான பின்னரே அதனை மாற்ற வேண்டும். எஞ்சின் சூடேறியதும் நின்று, ஆறியதும் மீண்டும் கிளம்பும் வண்டியில் பிக்கப் சுருளோ காயிலோ வெப்பத்தால் உள்ளே விட்டுவிட்டுத் துண்டிக்கப்படுவதுண்டு. அத்தகைய உறுப்பைக் குளிர்ந்தபின் அளந்தால் யாதொரு குறையும் காட்டாது. வண்டி நின்றவுடனேயே, சூடு தணியுமுன் அளத்தல் வேண்டும்.