பந்தி உட்கார்ந்தாச்சா? பிளேயரும் ப்ரொஜெக்டரும் பேசிக்கொள்ளும் விதம்

மாடி ஹாலில் ஆசையாக ப்ரொஜெக்டர் மாட்டியவர்கள் சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இப்போது நிறையவே இருக்கிறார்கள். முதல் நாள் அவர்களில் பலருக்குக் கிடைப்பது ‘நோ சிக்னல்’ என்று எழுதிய நீலத்திரைதான். பழி உடனே கேபிள் மேல் விழுகிறது. கடைக்கு ஓடி விலை கூடிய ஒன்றை வாங்கி வருகிறார்கள். பல நேரம் கேபிளில் குற்றமே இருக்காது. இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பேசி முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பேச்சைக் கல்யாண வீட்டில் வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். பிளேயர்தான் சமையல்கட்டு. ப்ரொஜெக்டர் பந்தி. எச்டிஎம்ஐ கேபிள், நடுவே ஆட்கள் போய்வரும் வழி.

எந்தச் சமையல் மாஸ்டரும் பந்தி நிலவரம் தெரியாமல் வாளியைத் தூக்கிவிட மாட்டார். “பந்தி உட்கார்ந்தாச்சா?” என்று முதலில் குரல் கொடுப்பார். எச்டிஎம்ஐ முனைக்குள் 19 பின்கள் உண்டு. 18-வது பின்னில் பிளேயர் அனுப்பும் 5 வோல்ட்தான் அந்தக் குரல். ப்ரொஜெக்டர் 19-வது பின்னில் மின்னழுத்தம் காட்டி “உட்கார்ந்தாச்சு” என்கிறது. அடுத்து 15, 16-வது பின்கள் வழியாக பிளேயர் ஒரு சீட்டைப் படிக்கிறது. அதற்குப் பெயர் ஈடிஐடி. அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். எத்தனை புள்ளி கொண்ட படம் ஏற்கும், நொடிக்கு எத்தனை முறை வேண்டும், எந்த வகை ஒலி ஆகும் என்பதெல்லாம் அதிலும் அதன் தொடர்ச்சியிலும் இருக்கும். எத்தனை இலை, யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காரம் ஆகாது என்று பந்தியிலிருந்து உள்ளே வரும் சீட்டுதான் இது. அதைப் பார்த்துத்தான் பிளேயர் என்ன அனுப்புவது என்று முடிவெடுக்கிறது. ஆகவே ப்ரொஜெக்டரை முதலில் போடுங்கள். அது முழுதாக எழுந்த பிறகு பிளேயரைப் போடுங்கள்.

வழி நீளமாக இருந்தால் குரல் தேயும். பிளேயர் திரைக்குக் கீழே, ப்ரொஜெக்டர் எதிர்ப்பக்கக் கூரையில் என்றால் சுவரோரமாக கேபிள் 10, 15 மீட்டர் ஓடும். அந்தத் தூரத்துக்கு ஒளியிழை கேபிள் நல்லது. ஆனால் அது ஒருவழிப் பாதை. ஒரு முனையில் ‘சோர்ஸ்’, மறுமுனையில் ‘டிஸ்ப்ளே’ என்று அச்சிட்டிருக்கும். பைப்புக்குள் இழுக்கும் முன்பே அதை எலக்ட்ரீஷியன் கண்ணில் காட்டிவிடுங்கள். மாற்றி இழுத்துப் பூச்சும் முடிந்துவிட்டால் சுவரை உடைக்க வேண்டிவரும்.

இதற்குப் பிறகும் ஒரு காவல் உண்டு. பலகாரம் அடுக்கிய அறையின் சாவி மாமன் இடுப்பில்தான் இருக்கும். தெரிந்த முகம் கேட்டால்தான் தட்டு வெளியே வரும். எச்டிசிபி என்னும் நகல்தடுப்பு முறைதான் அந்த மாமன். ப்ளூரேயும் ஓடிடி படமும் வெளியே வருமுன் எதிர்ப்பெட்டியை ரகசிய எண்களால் சரிபார்க்கும். படம் ஓடும்போதும் சரிபார்ப்பதை நிறுத்தாது. 4கே ப்ளூரேக்கு இதன் 2.2 பதிப்பு வேண்டும். நடுவில் ஒலிக்காக வைத்த பழைய ரிசீவர் ஒன்று இருந்தால் படம் கறுத்துப்போகலாம், தரம் குறைந்தும் வரலாம்.

ப்ரொஜெக்டர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் ‘1080பி சப்போர்ட்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1920×1080 படத்தில் 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். ப்ரொஜெக்டரின் சொந்தப் பலகை 1280×720 என்றால் ஏறக்குறைய 9.2 லட்சம்தான். வாளி பெரிது, இலை சிறிது. கடையில் ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ன என்று கேளுங்கள், வேறு எதையும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

இலையின் வடிவம் இன்னும் முக்கியம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரம் 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தைக் கேவா கலரில் தந்தார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அந்தக் காலப் படச்சட்டம் கிட்டத்தட்ட 4:3. இன்றைய வீட்டு ப்ரொஜெக்டர் பெரும்பாலும் 16:9. மெனுவில் ‘ஃபுல்’ என்று வைத்தால் நாயகன் எம்.ஜி.ஆர். முகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். நம் ஊர்க்காரர் எடுத்த படத்துக்கு அந்தக் கதி வேண்டாம். ‘4:3’ என்று வையுங்கள். இருபுறமும் விழும் கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

ஒலியும் அதே கேபிளில்தான் போகிறது. நேராக இணைத்தால் ப்ரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கரோடு அது முடிந்துவிடும். அதனால் பிளேயரிலிருந்து ரிசீவர், ரிசீவரிலிருந்து ப்ரொஜெக்டர் என்று இணைக்க வேண்டும். நடுவில் நிற்கும் ரிசீவர் சாம்பாரைத் தன் பக்கம் இறக்கிக்கொண்டு மற்றதைப் பந்திக்கு அனுப்புகிறது. சீட்டில் ஒலிக்கான வரிகளையும் தன் கணக்குப்படி மாற்றி எழுதிவிடுகிறது. படத்தை இலைக்கேற்பத் திருத்த ப்ரொஜெக்டருக்குப் பல மில்லிநொடிகள் பிடிப்பதால் குரல் முந்திக்கொள்ளும். ரிசீவர் மெனுவில் ‘லிப் சிங்க்’ அல்லது ‘ஆடியோ டிலே’ இருக்கும். முகம் பெரிதாகத் தெரியும் ஒரு வசனக் காட்சியை ஓடவிட்டு, பத்துப் பத்து மில்லிநொடியாகக் கூட்டுங்கள். ‘ப’வும் ‘ம’வும் வரும் சொற்களைக் கவனியுங்கள், உதடு ஒட்டுவதும் ஓசை கேட்பதும் ஒரே நேரத்தில் விழும் இடத்தில் நிறுத்திவிடலாம்.